வெறும் வண்டியின் எடை

மூஸ் ஜாவில் கிப்லா வடகிழக்கு.
புத்தளத்தில் மேற்கே, கடலைப் பார்த்துத்
தக்பீர் கட்டியவனுக்கு
இது பழக ஒரு குளிர்காலம் முழுதாகப் போனது.
உருண்டைப் பூமியில் குறுக்குவழி அப்படித்தான் என்று
ரெஜைனா பள்ளிவாசலில் ஒரு சோமாலியர்
ஆரஞ்சுப் பழத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார்.
பிறகு அதை உரித்து எனக்குப் பாதி தந்தார்.

என்னிடம் இரண்டு ஃபிளாஸ்க்.
சிவப்பு மூடி பிளேன்டீக்கு, நீல மூடி வுளுவுக்கு.
ஒருநாள் இருட்டில் மாறிப்போய்
இஞ்சித் தேத்தண்ணியில் முகம் கழுவினேன்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
நான் சிரித்த மூச்சு கண்ணாடியில் உறைந்து
கொஞ்சநேரம் அங்கேயே இருந்தது.

ஏற்றுவது மைசூர்ப் பருப்பு.
கப்பலேறிக் கொழும்புக்கும் போகுமாம்;
போகட்டும், எனக்கு அது நாற்பது டன்.
ஆலை வாசலில் டார்லீன்
முதலில் வெறும் வண்டியை நிறுத்து எழுதுவாள்.
ஒன்றும் இல்லாததற்கும் ஓர் எடை உண்டு,
அதைக் கழிக்காமல் அவள் யாரையும் அனுப்பியதில்லை.

மூன்று வருடம் என் தொழுகையில் இர்ஃபாத் இருந்தான்.
மச்சான் முறை.
பிரண்டனில் பெட்ரோல் ஸ்டேஷன் பங்கு என்று
பதினெட்டாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு
போன் நம்பரை மாற்றியவன்.
நெற்றி விரிப்பில் படும், அவன் வருவான்.
யா அல்லாஹ், அந்தக் காசு அவனுக்குச் செரிக்கக் கூடாது.
ஓதியதெல்லாம் அரபியில்,
இதை மட்டும் தமிழில் சொன்னேன்,
பிழையில்லாமல் போய்ச் சேரட்டும் என்று.

போன ரஜப் மாதம் ஒரு முடிவு எடுத்தேன்.
நேரம் தவறாமல் ஐந்து வேளை. அதற்குமேல் எதுவும் இல்லை.
கையேந்தினால் என் வாய் எங்கே போகும் என்று தெரியும்,
ஆகவே ஸலாம் கொடுத்ததும்
விரிப்பை மடி, கியரைப் போடு.
மன்னித்துவிட்டதாக யாரும் நினைக்கவேண்டாம்.
மன்னிக்கவில்லை.
பல் விளக்குவது மாதிரித் தொழுதேன்.
சிலநாள் அதைவிட மோசமாக,
ருகூவில் குனிந்து டயர் காற்றை யோசித்துக்கொண்டு.

கோடையில் இஷா முடிய நள்ளிரவு ஆகும்,
கண் மூடித் திறப்பதற்குள் சுபஹ்.
நடுவில் கிடைத்த தூக்கம்
கடன்காரன் தரும் சில்லறை மாதிரி.
கனோலா வயல்கள் மஞ்சளாகி, வெட்டுப்பட்டு,
வெறும் தாளாகி நின்றன.
எனக்குள் ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை.

இந்த ஜனவரியில் ஒரு காலை
டீசல் கூழாகி வண்டி கிளம்ப மறுத்தது.
உதவி வரும்வரை கேபினில்,
பயணி இருக்கைப் பக்கம் திரும்பி
உட்கார்ந்தபடியே தொழுதேன். மடியில் விரிப்பு.
ஸலாம் கொடுத்தேன்.
தேத்தண்ணி குடித்தேன், சரியான ஃபிளாஸ்க்.
தூரத்துக் களஞ்சியத்தில் விளக்கு ஒன்று எரிந்தது.
யாரோ வேலைக்கு வந்திருந்தார்கள்.

ஸ்விஃப்ட் கரண்ட் தாண்டி,
அதுவும் ஒரு முயலுக்காக வேகம் குறைத்தபோதுதான்
உறைத்தது:
இன்றைக்கு இர்ஃபாத் வரவில்லை.

மூடன் நான், தேடிப் பார்த்தேன்.
விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுமே, அப்படி.
தேடியதும் வந்துவிட்டான்.
அதே மீசை,
அதே ‘நாளைக்குக் கட்டாயம் தாறன் மச்சான்’.

வரட்டும்.
இரண்டு ரக்அத் நேரம் அவன் இல்லாமல் இருந்திருக்கிறது.
டார்லீனிடம் சொன்னால்
அதையும் நிறுத்து எழுதி வைப்பாள்.

லுஹருக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
நீல மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.
சூடு இருந்தது.