முப்பத்தேழாம் எண்

நான்கு ஊசிகள்.
முதல் பந்தயத்தில் தாளின் மூலைத் துளைகளில்
ஒழுங்காகக் கோத்தேன்,
காற்று எண்ணைப் பாயாக விரித்துக்கொண்டது.
இப்போது தாளையே குத்தித் துளைத்து
முதுகோடு ஒட்டவைக்கிறேன்.
ஒரு கோடை முழுக்க நான் கற்றது
ஏறக்குறைய இவ்வளவுதான்.

மே மாதம், ஹார் மேட்டில்
அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
எதிர்க்காற்று எல்லாருக்கும் எதிர்.
பக்கக்காற்று ஆள் பார்த்து அடிக்கும்.
பலசாலிகள் ஒருவர் மறைவில் ஒருவர் சாய்ந்து
சாலையின் அகலத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள
எனக்கு விழுந்தது ஓரத்து வெள்ளைக்கோடு,
அதற்கப்பால் சர்க்கரைக்கிழங்கு வயல்.
பதினெட்டாவது கிலோமீட்டரில்
ஒரு சக்கர நீளம் விட்டேன்.
ஒரே ஒரு சக்கர நீளம்.
மிச்சம் நாற்பத்து நான்கையும்
காற்றாலைகளோடு ஓட்டி முடித்தேன்.
அவையும் நின்ற இடத்திலேயே சுற்றின.

ஜூனில் மோனே அணை, மழை, பஞ்சர்.
கடைசியில் வரும் வண்டிக்குத்
துடைப்ப வண்டி என்று பெயர்.
பகிடி என்று நினைத்திருந்தேன்,
பின்கண்ணாடியில் உண்மையாகவே
ஒரு துடைப்பம் கட்டியிருந்தது.
ஓட்டுநர் பாதி ரொட்டி தந்தார்.
இருவரும் சாப்பிட்டபடி
வழியில் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி அள்ளினோம்.

நான் பல் செய்கிறவள்.
லிப்ஸ்டாட்டில் ஒரு கூடம்,
சன்னலோரம் மூன்றாவது மேசை.
யாரென்றே தெரியாத ஒருவரின் கடைவாய்க்கு
மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துக்
கிரீடம் பொருத்துவேன்.
மாலையானால் வேறொரு பல்கணக்கு:
இந்தக் காற்றுக்குப் பதின்மூன்று பல் சக்கரமா,
பதினைந்தா?
ஜூலையில் விழுந்த மறுநாள்
வெள்ளை அங்கியின் முழங்கையில் மஞ்சள் கசிந்தது.
ஃபிராவ் டீக்மான் கேட்டார்,
"வென்றாயா?"
"இல்லை."
"பிறகு எதற்கு?"
கையிருப்பில் இருந்த எந்தப் பதிலும்
அந்த வாய்க்குப் பொருந்தவில்லை.

ஆகஸ்ட், சோஸ்ட் நகரம்.
பச்சைக்கல் தேவாலயத்தைச் சுற்றி
தொள்ளாயிரம் மீட்டர், நாற்பது முறை.
பேக்கரித் திருப்பத்தில் கல் பாவிய தரை,
அங்கே ஒவ்வொரு சுற்றும்
பிடரி வரை எலும்புகள் எண்ணப்பட்டன.
பதினொன்றாம் சுற்றில் கூட்டம் என்னை உதறியது.
பிறகு நானும் வெண்ணெய் மணமும்தான்.

மணி அடித்தது.
அடுத்து கோட்டைத் தொடுகிறவருக்கு
ஒரு கூடை பிளம்ஸ்.
அறிவிப்பாளர் அப்போதுதான்
பியர் கூடாரத்திலிருந்து திரும்பியிருக்க வேண்டும்.
திருப்பத்தில் முதலில் தெரிந்தது நான்,
முப்பது மீட்டர் பின்னால்
என்னை ஒரு சுற்று முந்த வரும் கூட்டம்.
வட்டத்தில் கடைசி ஆள்
முதல் ஆளுக்கு முன்னால் போகிறாள்.
ஒலிபெருக்கி துள்ளியது:
"தனியே பிரிந்து வருகிறார்! எண் முப்பத்தேழு!
தில்… திலக்… திலகஸ்…
முப்பத்தேழு!"
சனம் தடுப்புப் பலகைகளில் அடித்தது.
எனக்குத் தெரியும்.
தொடைகளுக்குத் தெரியாது.
இருக்கையை விட்டு எழும்பினேன்.
கோட்டை முதலில் தாண்டியது என் சக்கரம்,
சத்தியமாக என் சக்கரம்.

மூன்று நொடியில் அவர்கள் என்னைக் கடந்தார்கள்,
ஹைக்கே தோளில் ஒரு தட்டுத் தட்டி.
நடுவர் விசில் ஊதி
வெளியே வா என்று விரல் மடக்கினார்.

தடுப்பருகே அகரன்,
ஒன்பது வயது, கையில் கரையும் ஐஸ்கிரீம்.
"அம்மா, நீங்கள் முன்னுக்கு இல்லை.
ஒரு சுற்றுக் குறைவு. நான் எண்ணினனான்."
"தெரியும்."
"அவையளுக்குச் சொல்லட்டே?"
"வேண்டாம்."

பிளம்ஸ் ஹைக்கேக்கு.
அவள் கொடுத்த ஆறில்
ஐந்தை அவன் தின்றான்,
கொட்டைகளை என் தலைக்கவசத்துக்குள் துப்பினான்.

வீட்டில் எண்ணைக் கழற்றினேன்.
ஊசிகளை ஒரு பற்பசை மூடியில் போட்டு
அடுத்த மே மாதத்துக்கு வைத்திருக்கிறேன்.
மூன்றுதான் இருக்கின்றன.