வரிசையில் என் இடம்

களிம்பு குளிரும் என்று
ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள் இன்ஷிராஹ்.
ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுகிறேன்.
மூச்சை இழுங்கள். பிடியுங்கள்.
விலாவுக்குக் கீழே கருவி ஊர்கிறது,
பலகையில் முடிச்சுத் தேடும்
என் கட்டைவிரலைப் போல.

தமியேத்தாவில் நாற்பது வருடம்
நாற்காலிகளுக்கு வார்னிஷ் அடித்தவன் நான்.
பளபளப்பை நம்பாதே என்பது தொழில் தந்த புத்தி.
உளுத்த மரம்தான் அதிகம் குடிக்கும்.

இருந்தும்
"இரத்தத்தில் வைரஸ் இல்லை" என்ற தாளைச்
சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டினேன்.
பன்னிரண்டு வாரம், தினம் மாத்திரை.
நாற்பத்தேழு வருடம் வாடகை தராமல் குடியிருந்தவன்
சத்தமில்லாமல் காலி செய்துவிட்டுப் போனான்.
போனவன்
சுவரைப் பூசிக் கொடுத்துவிட்டா போனான்?
டாக்டர் சொன்னதும் அதைத்தான், வேறு வார்த்தையில்:
கிருமி போகும், தழும்பு போகாது.
புற்று முளைப்பது தழும்பில்.
ஆறு மாதத்துக்கு ஒரு முறை வா.

எழுபத்தொன்றில், பள்ளி முற்றத்தில் ஒரு வரிசை.
கால்வாயில் குளித்த பையன்களுக்கெல்லாம்
சிறுநீரில் இரத்தம்.
நத்தையிலிருந்து வரும் புழுவாம்,
அதைக் கொல்ல ஊசியாம்.
கண்ணாடி சிரிஞ்சுகள் நான்கு,
ஸ்டவ்வின்மேல் ஒரு தட்டு,
பையன்கள் அறுபது பேர்.
தட்டு கொதிக்கும்வரை யார் காத்திருப்பது?
பஞ்சால் துடைத்துவிட்டு
அடுத்தவன் என்றார் கம்பவுண்டர்.
கெட்டவர் இல்லை. அழுதவனுக்குப் பேரீச்சம்பழம் தந்தார்.
வாரம் ஓர் ஊசி, பதினாறு வாரம்.
இருமினோம், வாந்தி எடுத்தோம்.
புழு செத்தது.

ஷஹ்ஹாத் என் தம்பி.
அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை,
இதையாவது கண் வைக்காமல் விடட்டும் என்று
அம்மா வைத்த பெயர். பிச்சைக்காரன் என்று பொருள்.
கூப்பிடும்போது அப்படி, கொஞ்சும்போது வேறு.
எங்கள் ஊரில் பிள்ளை என்றால் ஈரல்.
என் ஈரலே, என் ஈரலே என்பாள்.

கண் மஞ்சளாகி, வயிறு பானையாகி
மாத்திரை ஊருக்கு வருவதற்கு
ஒரு வருடம் முந்திப் போனான்.
கட்டி எலுமிச்சை அளவு என்றார்கள்.
எந்த எலுமிச்சை என்று கேட்க நினைத்தேன்.
எங்கள் ஊர் எலுமிச்சை கோலிக்குண்டு அளவுதான்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று.
அன்றைக்கு வரிசையில் யார் முன்னால்?
பயந்துபோய் அவனை முன்னே தள்ளினேனா?
பெரியவன் நான் என்று முன்னே போனேனா?
தள்ளியதும் நினைவிருக்கிறது, போனதும் நினைவிருக்கிறது.
இரண்டும் நடந்திருக்க முடியாது.
பதினாறு வாரம் என்பதால்
நடந்திருக்கவும் கூடும்.

கருவி நிற்கிறது.
வந்த வழியே திரும்பிப் போய்
அதே இடத்தில் அழுத்துகிறது.
இன்ஷிராஹ் பேசவில்லை.
அவள் முகத்தில் திரையின் சாம்பல் வெளிச்சம்.
மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டாள்,
நானும் விடவில்லை.
ஒரு மேசைக்கு முதல் பூச்சுப் பூசிவிடலாம்,
அவ்வளவு நேரம்.

மடிப்புதான், என்கிறாள்.
ஒன்றுமில்லை. துடைத்துக்கொள்ளுங்கள்.
இரத்தப் பரிசோதனைத் தாளை வெளியே வாங்கிக்கொண்டு
நவம்பரில் வாருங்கள்.

நவம்பர்.
பெண் கேட்டு வந்தவர்கள் நாள் குறித்துப் போனதுபோல்
சட்டைப் பொத்தான்களை மேல்வரை போட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஈரல் பொரிக்கும் வண்டி.
எவன் இடம் பிடித்துக் கொடுத்தானோ!
பூண்டும் பச்சைமிளகாயும் எண்ணெயில் சீறுகின்றன.
ரொட்டிக்குள் அள்ளித் திணிக்கிறான்.
பசிக்கவில்லை, இருந்தாலும் போய் நிற்கிறேன்.
முன்னால் நின்றவன்
என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு ஒதுங்கி,
ஹாஜி, நீங்கள் முதலில் வாங்குங்கள் என்றான்.

வேண்டாமப்பா என்றேன்.
வேண்டாம். நீ உன் இடத்திலேயே நில்.