அளவுக்கு ஓர் ஆள்

ஹப்புத்தளை பஜாரில் என் ஸ்டூடியோ.
நீலத்திரை ஒன்று, நாற்காலி இரண்டு,
அடையாள அட்டைக்கு ஆறு படம், உடனே.
மத்தியானம் ஆனால் மூடுபனி
கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்.
படம் எடுக்காது, காசும் தராது,
லென்ஸில் பூஞ்சணம் வைத்துவிட்டுப் போகும்.
ஆறு மாதமாய் அரிசி டின்னுக்குள்
தவம் கிடக்கிறது என் அகன்ற லென்ஸ்.

கடன் கொப்பியின் பின்பக்கத்தில் திட்டம்.
ஜோர்தானின் தெற்கே, பாலைவனத்தில்
ஒரு கல்லிடுக்கு.
இரு கையும் விரித்தால் இரு சுவரும் தட்டும்.
ஆனி மாதம், சூரியன் உச்சிக்கு வரும்போது மட்டும்
வெளிச்சம் அடிவரைக்கும் இறங்குமாம்,
கிணற்றில் விட்ட வாளி மாதிரி.
இருபது நிமிடம். பிறகு மேலே இழுத்துக்கொள்ளும்.

டிக்கெட்டுக்கு வீராயி அக்காவின் சீட்டு,
வைகாசியில் என் முறை.
விசாவுக்குக் கணக்கில் காசு காட்ட வேண்டும்:
மச்சான் புனிதராஜ் ஓட்டோவை ஈடு வைத்து
ஒரு கிழமைக்குத் தருவதாகச் சொன்னான்
(கள் குடித்திருந்தான், மறுபடி கேட்க வேண்டும்).
தண்ணி, ஆளுக்கு நாலு லீற்றர்.
தூசியில் லென்ஸ் மாற்றக் கூடாது.
மாற்ற என்னிடம் வேறு லென்ஸ் இல்லை.

இருபது மைல் தள்ளி மழை பெய்தாலும்
இடுக்குக்குள் வெள்ளம் வருமாம்,
தலைக்கு மேல் வானம் நீலமாய் இருக்கும்போதே.
இதை எங்களுக்கா சொல்ல வேண்டும்?
சிவப்பு எச்சரிக்கை வந்த இரவுகளில்
சப்பாத்தோடு தூங்குகிற ஊர் இது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை.
இதல்கஸின்னப் பக்கம், ரயிலுக்காக
அறுத்துவிட்ட பாறையின் நடுவே
சிலிப்பர் கட்டைமேல் முக்காலி.
அங்கே சிவப்பு என்றால் இங்கே பச்சை:
பன்னம், பாசி, ஓயாத சொட்டு.
நாலு செக்கன் திறந்து வைக்கிறேன்.
வானத்தைச் சட்டத்துக்குள் விட்டால் வெளுத்துவிடும்.
ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தாவி
அங்கிருந்து கீழே கசிகிறதே,
அந்தக் கைமாற்று வெளிச்சம், அதுதான் வேண்டும்.

பத்து இருபதுக்குப் பதுளைக் கோச்சி.
கூவல் கேட்டால் முக்காலியை மடித்துக்கொண்டு
பாறையோடு பாறையாய் ஒட்டிக்கொள்ள முப்பது செக்கன்.
வெள்ளத்துக்கும் இதுவே பயிற்சி
என்று கொப்பியில் எழுதினேன், கை நடுங்க.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால்
பாறையின் உயரம் பிடிபடவில்லை.
முழங்கால் அளவோ, கோயில் கோபுர அளவோ,
எதுவாகவும் இருக்கலாம்.
அளவுக்கு ஓர் ஆள் வேண்டும்.

ஆள் இருக்கிறாள்.
தங்கச்சி சுகிர்தா, நாலு வருடமாய் அந்த நாட்டில்தான்.
தைத்து முடித்த காற்சட்டைகளில்
பிழை தேடுகிற மேசையில் வேலை.
அவள் பார்த்த ஜோர்தான்:
விமான நிலையம், விடுதி, அந்த மேசை,
காசு அனுப்புகிற கடை.

கொப்பிப் பக்கத்தை அப்படியே படமெடுத்து அனுப்பினேன்.
இரண்டு கோட்டுக்கு நடுவே குச்சி மனுஷி,
பக்கத்தில் அம்புக்குறி:
நீ. இங்கே நில். நாலு செக்கன் அசையாதே.

இரண்டு நாள் கழித்துக் குரலில் பதில்,
பின்னால் பஸ் இரைச்சல்.
"வெள்ளிக்கிழம ஒருநாள்தான் லீவு. விடியமுன்ன
கெளம்பணும்னா அந்தத் தூக்கமும் போச்சு.
பரவாயில்ல, வர்றேன்.
ஆனா அண்ணே, கெழமைக்கு ஆறு நாள்
நின்னுக்கிட்டேதான் இருக்கேன்.
ஒங்க படத்துலயாவது ஒக்காந்துக்கிறனே."

மூன்று தரம் கேட்டேன்.
அழிறப்பர் எடுத்து
குச்சி மனுஷியின் கால்களை அழித்து
மடக்கி வரைந்தேன்.
முக்காலி உயரம்: ஒன்றரை அடி போதும்.
சேர்க்க வேண்டியது: பாய் ஒன்று.
பன்னிரண்டு மணி வெளிச்சம்
உட்கார்ந்தவள் மடிவரைக்கும் வருமா தெரியாது.
அடுத்த ஞாயிறு அந்தப் பாறை நடுவே
நானே உட்கார்ந்து பார்க்க வேண்டும்,
ஸ்டேஷனில் கோச்சி நேரம் கேட்டுக்கொண்டு.