குமிழி எழும் இடம்

ஆராதனை முடிந்து குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.
போதகர் ஞானசீலன் தோளில் தட்டிக் கேட்டார்:
"தம்பி, நீர் இரட்சிக்கப்பட்டீரா?"
ஓம் என்றேன்.
மணி பத்தா என்று கேட்டிருந்தாலும்
அதே வேகத்தில் சொல்லியிருப்பேன்.

கப்பலின் அடிவயிறு சுரண்டுவது என் தொழில்.
சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும்
இரும்பு மலைகளின் கீழே
கொட்டலசும் பாசியும் உரித்தெடுப்பேன்.
அங்கே வெளிச்சம் பழைய சோடாப் போத்தல் நிறம்.
வாயில் குழாய். இடுப்பில் கயிறு.
இரண்டின் மறுமுனையும் வள்ளத்தில்,
கிண்ணியாச் சவாஹிரின் கைக்கெட்டும் தூரத்தில்.

காற்றைப் பற்றி நிறையப் பேசுவேன்.
கொம்பிரசர் எத்தனை குதிரைவலு,
எத்தனை பாகத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம்.
பேசிப் பேசி எவனும் மூச்சு விட்டதில்லை.
குழாயே வேண்டாம், நெஞ்சு போதும் என்று குதித்தவர்களும்
ஒன்றரை நிமிடத்தில் நெஞ்சு தீர்ந்து திரும்பினார்கள்.

வைகாசியில் ஒரு செவ்வாய்
குழாய் சுக்கானில் மாட்டி மடிந்தது.
இழுத்தேன். வரவில்லை.
சிறுவயதில் பரிசு வாங்கித் தந்த மனப்பாட வசனங்கள்,
கொடுத்த காணிக்கை,
கிறிஸ்மஸ் பாட்டில் நான் எடுத்த மேல்கட்டை,
ஒன்றும் ஒரு மிடறு காற்றாகவில்லை.
இயேசுவே என்றேனா, ஐயோ என்றேனா,
இன்றுவரை தெரியாது.
கயிறு இறுகியது.
நான் ஏறவில்லை. ஏற்றப்பட்டேன்.

பலகையில் மீனாகக் கிடந்து
"எப்படித் தெரிஞ்சது?" என்றேன்.
பீடியைத் தேடியபடி சவாஹிர் சொன்னான்:
"குமிழி நிண்டு போச்சு."

குமிழி.
அதைச் சுவாசித்து எவனும் பிழைத்ததில்லை.
கழிந்த காற்று, மேலே போய் உடைவது.
ஆனாலும் மேலிருப்பவன்
அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்று மாலை பாலையூற்றுக்குப் போனேன்.
சவிரிமுத்து என்னோடு கடலட்டை குளித்தவன்.
பதினெட்டுப் பாகத்திலிருந்து பதறி ஏறியதில்
வெளியே போகாத குமிழிகள்
அவன் முதுகெலும்பில் தங்கிவிட்டன.
இடுப்புக்குக் கீழே எறும்பு கடித்தாலும் தெரியாது.
மூன்று வருடம்
ஞாயிறுதோறும் அவன் பெயரை ஜெபக் குறிப்பில் வாசித்தேன்,
தெளிவான குரலில்.
பிறகு வீட்டுக்குப் போய்ப் பாரைக் குழம்பு சாப்பிட்டேன்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதோ?" என்றான்,
ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து.
திரேசா வெந்நீர் வைத்தாள்.
இருவருமாகப் புரட்டினோம்.
முதுகின் அடியில் புண், முட்டையளவு, ஓரம் வெளுத்து.
நாற்றத்துக்கு முகம் திருப்பினேன்.
திருப்பியதை அவன்
அலுமாரிக் கண்ணாடியில் கண்டுவிட்டான்.
மறுபடி குனிந்து துணியை நனைத்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் போகிறேன்.
சில வெள்ளி போவதில்லை; பொய் சொல்லக்கூடாது.
புண் ஆறவில்லை. அவன் ஏச்சும் ஓயவில்லை.
போன கிழமை மட்டும்,
புரட்டுகையில் என் மணிக்கட்டைப் பிடித்து
"மெல்ல" என்றான்.

அவன் முதுகைக் கழுவி நான் கரையேறவில்லை.
கரையேற்றிய கை வேறு.
ஆணி துளைத்த அந்தக் கை
என் பக்கம் கயிறு தொய்ந்து கிடந்த காலத்திலும்
மறுமுனையை விட்டதில்லை.
காற்று நான் செய்ததல்ல, வாங்கியதுமல்ல.
வாய் திறந்தேன், அவ்வளவுதான்.
ஆனால் உள்ளே போன மூச்சு
உள்ளேயே நிற்குமா?

போதகர் இன்னும் திரும்பக் கேட்கவில்லை.
கேட்டால் உடனே ஓம் என்று சொல்லமாட்டேன்.
கடலைப் பாருங்கள் ஐயா என்பேன்.
அந்தக் கப்பலின் நிழலோரம்,
சின்னதாக, ஒழுங்கில்லாமல்,
ஏதாவது எழும்புகிறதா?