பழசா இருந்தா போதும்

எனக்கு இரண்டு மணி நேரம்.
மற்ற மூன்று பேய்களுக்கும் நான்கு.
"உங்களுக்கு அடிப்பூச்சு வேண்டாம், சிஸ்டர்"
என்றாள் ஒப்பனைக்காரி ஷெரில்.
பாராட்டு மாதிரிதான் சொன்னாள்.
பஞ்சைக் கீழே வைத்துவிட்டு
என் கன்னத்தை இன்னொரு முறை பார்த்தாள்,
வேலை மிச்சமானவளின் நிம்மதியோடு.

பகலில் தோ பாயோவில்
பல் மருந்தகத்தின் முன்மேசையில் நான்.
இரவில் சாங்கியிலிருந்து படகேறி
உபின் தீவில் அரக்கி.
நூற்றைம்பது வெள்ளி, சாப்பாடு தனி.

கதை இதுதான்:
வேள்வித்தீயைத் தின்ன வந்தவளை
ஏழு முனிவர்கள் ஒரு கல்லுக்கடியில் அடைத்தார்கள்.
கல்லின் மேல் கடல் ஏறியது.
கடலின் மேல் மண்ணைக் கொட்டினார்கள்.
மண்ணின் மேல் வீவக வீடுகள்.
புதிய எம்ஆர்டி பாதைக்குச் சுரங்கம் குடைந்த இரவில்
கல் பிளக்கிறது.

எந்தப் புராணம் என்று கேட்டேன்.
"எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்" என்றார்
இயக்குநர் வெய் லியாங்.
எல்லாவற்றிலும் அவள் கறுப்பு.
அதை மட்டும் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய கல்குவாரியின் ஓரம்
நுரைப்பலகையில் செய்த சுரங்கம்.
இடுப்பில் கம்பி கட்டித் தூக்கினார்கள்.
பேய்க்குக் கால் தரையில் பாவாது,
அதையாவது சரியாகப் படித்திருந்தார்கள்.
காட்டுப்பன்றி ஒன்று வந்து நின்று பார்த்துவிட்டு
ஏமாற்றத்தோடு திரும்பிப் போனது.

வசனத்தாளில் என் இடம் வெறுமை.
"தமிழ்ல ஏதாவது பேசுங்க,
பழசா இருந்தா போதும்."

அந்தரத்தில் தொங்கிக்கொண்டு
பிளாஸ்டிக் கோரைப்பல்லோடு
பழசாக என்ன சொல்வது?
ஒன்பது வருடமாய் நாவில் கிடந்தது வந்தது,
அடிவயிற்றிலிருந்து, இழுத்து இழுத்து:
"ஆறு மாதத்துக்கு ஒருமுறை
பற்களைச் சுத்தம் செய்துகொள்ளவும்.
நீல நிற சாஸ் அட்டை இருந்தால்
இப்போதே காட்டவும்."

ஒலிப்பதிவுப் பையன் ஹாஃபிஸ்
சிலிர்த்த முன்கையை எல்லாருக்கும் காட்டினான்.
"ஆதிகாலத்துக் குரல்" என்றார் வெய் லியாங்.
ஜெனரேட்டர் நின்று மறுபடி உறுமியது.

இரண்டாவது டேக்கில்
நான் யோசிக்கவில்லை.
கம்பி இடுப்பை அறுத்தது.
கீழே குவாரித் தண்ணீர், அடி தெரியாத பச்சை.
வாய் தானாகத் திறந்தது:
"எத்தனை தடவடா தோண்டுவீங்க?
மூடிட்டுப் போங்க."

என் குரல்தான். ஆனால் நான்
யாரையும் அப்படி 'டா' போட்டதில்லை,
பல் பிடுங்கப் பயந்து மேசையை உதைத்தவனைக்கூட.

அது அவ்வளவு பழசாக இல்லையாம்.
முதலாவதையே வைத்துக்கொண்டார்கள்.

படம் வெளியானது ஏழாம் மாதத்தில்.
எங்கள் புளோக்கின் கீழே கெத்தாய் மேடை,
சிவப்பு நாற்காலிகளின் முதல் வரிசை மட்டும்
வருகிறவர்களுக்காகக் காலி.
அதைச் சுற்றிக்கொண்டு நடந்து
நானும் மகள் நிவேதினியும் பீஷானுக்குப் போனோம்,
ஒன்பதரைக் காட்சி.

கல் பிளந்தது. நான் எழுந்தேன்.
என்னைவிடக் கறுப்பாக இருந்தேன்,
வெட்டி ஒட்டும் அறையிலும் ஒரு ஷெரில் இருந்திருப்பாள்.
திரையின் அடியில் எழுத்து ஓடியது:
தொன்மையான மொழியில் சாபமிடுகிறாள்.

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.
சாஸ் அட்டை வந்ததும்
நிவேதினிக்குப் பொறுக்கவில்லை,
பாப்கார்ன் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள்.
எனக்கும் தொற்றிக்கொண்டது.
நடு அரங்கில் நாங்கள் இரண்டு பேர்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அப்புறம்தான் கேட்டோம்,
கழுத்து வலிக்கும் என்று யாரும் சீட்டு வாங்காத
முதல் வரிசையிலிருந்து
மூன்றாவதாக ஒரு சிரிப்பு.

தமிழ் தெரிந்த சிரிப்பு.