மூன்றாம் காலாண்டு

பெர்கனில் மழை, விடுப்பே எடுக்காத ஊழியர்.
இரண்டாம் மாடியில் நாங்கள்
பாட்டுகளுக்குக் கூலி பிரிக்கிறோம்:
எந்த வானொலி, எத்தனை தடவை, எத்தனை விநாடி,
யாருக்கு எத்தனை குரோனர்.

ஸ்வெர்ரே ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.
பதினோரு வருடமாக ஒரே வழக்கு:
மெரெத்தே ஹௌகனா, யோருன் திவெய்த்தா?

அவன் எண்களை எடுத்துப்போடுவான்.
எண்பத்தொன்பதின் குளிர்காலம்,
ஒரே வாரத்தில் மெரெத்தேயின் தட்டு நாற்பதாயிரம்.
கடை வாசலில் வரிசை, வரிசையின்மேல் பனி,
பனிக்குள் பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகள்.
அவள் போட்ட வெள்ளிச் சட்டைக்காக
துணிக்கடைகளில் ஜரிகை தீர்ந்துபோனதாம்.
"உன் ஆள் ஒரு தடவையாவது முதலிடம்?"
"எட்டாம் இடம்" என்பேன். "இரண்டு வாரம்."
வெள்ளிக்கிழமைக் கேக்கில் பெரிய துண்டு
அவன் தட்டுக்குப் போகும்.

ஆனால் தாள்களைப் புரட்டுகிறவன் நான்.
மெரெத்தேயின் கோடு மலையேறி, மலையிலிருந்து உருண்டு,
தொண்ணூற்று நான்கில் தரையோடு தரை.
யோருனுடையது கோடே இல்லை,
சரியாக மூடாத குழாயின் சொட்டு.
மீன் கடையில் காலை பதினொரு மணிக்கு.
படகுத்துறைக் காத்திருப்பு அறையில்.
பல் மருத்துவமனைக்குப் போன் போட்டால்
"சற்றுப் பொறுங்கள்" என்றதும்.
நள்ளிரவுக்குப் பின்
பெயர் சொல்லாத ஒரு லாரிக்காரர் கேட்டதற்கிணங்க.
முப்பத்து நான்கு வருடம். ஒரு காலாண்டும் பூஜ்யம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அவளே வந்தாள்,
வங்கிக் கணக்கு எண் மாற்ற.
மஞ்சள் மழைக்கோட்டு, கையில் செருப்புக்கடைப் பை.
படியேறி மூச்சு வாங்கியது.
அந்த மூச்சும் சுருதியோடு இருந்தது என்று
பொய் சொல்ல மாட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு
பேனா மூடியைத் தேடியபடியே கேட்டாள்:
"மெரெத்தேவுக்கு இன்னும் வருகிறதா?"

சொல்லக் கூடாது. விதி.

"எவ்வளவு என்று கேட்கவில்லை.
வருகிறதா என்றுதான்."

நான் ஸ்வெர்ரேயைப் பார்த்தேன்.
விதிகளை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஸ்வெர்ரே
தலையை ஆட்டினான்.

"நல்லது" என்றாள். "அந்த வெள்ளிச் சட்டைக்குப் பின்னால்
இருட்டில் நின்று கூட்டுக்குரல் பாடியவள் நான்.
தட்டிலும் இருக்கிறேன், இரண்டாம் சரணத்திலிருந்து.
த்ரொம்ஸோவில் ஒரு ராத்திரி
தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள்.
திருப்பிக் கொடுக்கவே இல்லை."
பேனா மூடி பைக்குள்ளேயே இருந்தது.

அவள் போனபின் தேடினோம்.
பழைய பதிவேட்டில் கூட்டுக்குரல்: மூன்று பெயர்.
அவள் பெயர் இல்லை.
சேர்த்தால், இந்தக் காலாண்டில்
மெரெத்தேயின் பாட்டிலிருந்து
யோருனுக்குச் சேரவேண்டியது முப்பத்தோரு ஓரே.
அந்தச் சில்லறையை இந்நாட்டில் அச்சடிப்பதையே
நிறுத்திவிட்டார்கள்.

ஸ்வெர்ரே திருத்தப் படிவத்தை எடுத்தான்,
மூன்று பிரதி.
"திவெய்த்துக்கு எத்தனை எழுத்து?" என்றான்,
பதினோரு வருடம் கழித்து.