விதைப் பொட்டலம்

ஹொதைதா துறைமுகத்தில்
வறுத்த தர்ப்பூசணி விதை விற்கிறான் முக்பில்.
பொட்டலம் மடிக்க
இரண்டு வெள்ளைக்கார வீடுகளின் குப்பைக்கூடையையும்
எடைக்கு வாங்குகிறான்.

இத்தாலிய டாக்டரின் கம்பவுண்டர்
விடிந்ததும் வந்துவிடுவான்,
ஆங்கிலேயர் வீட்டுக் காகிதத்தில்தான் வேண்டும் என்று.
சாயங்காலம் ஆங்கிலேயரின் குமாஸ்தா,
பல்வலிக்காரன்,
இத்தாலியக் காகிதத்துக்கு.

விதையை இருவருமே
காக்கைக்கு வீசிவிட்டுப் போகிறார்கள்.
துறைமுகக் காக்கைகள் பெருத்துவிட்டன.

முக்பிலுக்கு எழுத்து தெரியாது.
விலை தெரியும்:
கசங்கிய தாளுக்குக் கால் ரியால்,
கிழிந்ததற்கு அரை.
இப்போதெல்லாம்
வெற்றுத்தாளையும் கிழித்தே மடிக்கிறான்.

போன வாரம் வந்த தாளில்
எழுத்தே இல்லை, கோடுகள்தான்.
மலையோரம் ஒரு நீலப் புள்ளி
அவன் ஊர்க் கிணறு.
உப்பைத் தூவி
சரியாக அதன் நடுவே கிழித்தான்.
ஒரு ரியால்.